மாடியிலிருந்து ஒரு கேள்வி

மொட்டைமாடி விஞ்ஞானி அவர்களுக்கு,

வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு, சூடு பண்ணிக்குங்க.

"மெக்கானிக் எதுக்கு? டிவி டிஷ்ஷை நானே திருப்பி வைக்கிறேன்"னு நீங்க முழங்கினப்ப நான் சிரிச்சுட்டேன். அதுக்கு நாலு நாளா மௌனம். மாடியிலிருந்து "படம் வந்துச்சா?"ன்னு கத்தும்போது மட்டும்தான் உங்க குரல் கேட்டுச்சு.

உண்மையைச் சொல்லிடறேன். முதல் நாளே படம் பளிச்சுனு வந்துடுச்சு. "வரல, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்"னு நான்தான் புளுகினேன். நீங்க திருப்பினதும் நிஜமாவே போயிடுச்சு. நேத்து மறுபடி வந்துச்சு, மறுபடியும் புளுகினேன். இல்லைன்னா கீழே இறங்கி, வாயை மூடிக்கிட்டு செய்தி பார்ப்பீங்க.

பி.கு.: இன்னைக்கு மாடி ஏற வேண்டாம். ஆறு மணிக்கு வந்துடுவேன். திட்டறதா இருந்தா, பக்கத்துல உக்காந்து திட்டுங்க.