வகை: சலவை

ஜூன் 9

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புலியை வெயிலில் போட்டேன். முகம்கூடக் கழுவவில்லை. நேற்று கிடங்கைத் திறந்தபோது வந்த வாடை விடியும்வரை மூக்கைவிட்டுப் போகவில்லை. புலிக்குக் கக்கத்தில் பூஞ்சை, கேரட்டுக்கு முதுகில். தேவதைகளின் இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

பள்ளிகள் மூடிய அன்றே எங்கள் கடையும் மூடிவிட்டது. பூட்டச் சொல்லி யாரும் வரவில்லை. ஆண்டு விழாவே இல்லாதபோது பிள்ளைகளுக்கு வேட உடை வாடகைக்கு எடுக்க யார் வரப்போகிறார்கள்?

தையல் மாஸ்டர் வந்தார். ஒரு விழாவில் புலி வேடம் போட வேண்டிய பையன் கடைசி நேரத்தில் அழுது அடம்பிடிக்க, சின்ன உருவமான மாஸ்டரே வாலைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் புலி மாஸ்டர்.

கொடியில் தொங்கிய புலியைப் பார்த்து, "என்னடா, இளைச்சுப் போயிட்டே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாம மட்டும் என்ன அக்கா, ஊதியா போயிட்டோம்?"

சிரித்தேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. உறையைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 12

நோயால் தொழில் படுத்துவிட்ட சிறு கடைகளுக்கு அரசு நிவாரணம் தரப்போகிறதாம். என் வீட்டுக்காரர் செல்போனில் விண்ணப்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, என்ன தொழில் என்ற இடத்திலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டார்.

"மளிகை இருக்கு, சலூன் இருக்கு, மீன் வளர்ப்புகூட இருக்கு. நாமதான் இல்ல."

"இதரன்னு ஒண்ணு இருக்குமே?"

"இல்ல. சலவைன்னு போட்டுடலாமா? நம்ம வேலைல பாதி அதுதானே?"

பொய்யும் இல்லை. ஒவ்வொரு விழா முடிந்ததும் வியர்வையும் முகப்பூச்சுமாகத் திரும்பிவரும் உடைகளைத் துவைக்கத்தானே இரண்டு பெரிய மெஷின் வாங்கிப் போட்டோம்? சரி என்று சொல்லி நானே விரலால் தொட்டேன்.

ஜூன் 30

"பரிசீலனையில் உள்ளது." இன்றும் அதே வரி.

ஜூலை 14

நிராகரித்துவிட்டார்கள்.

சலவை அத்தியாவசியச் சேவை. ஊரடங்கிலும் திறக்க அனுமதி இருந்தது. ஆகவே எங்களுக்கு இழப்பு இல்லை. ஆகவே நிவாரணமும் இல்லை.

எவ்வளவு கச்சிதமான தர்க்கம்! கல்லூரியில் படித்த புண்ணியத்துக்கு அதை ரசிக்கக்கூட முடிகிறது. இவர்மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. தொட்ட விரல் என்னுடையது.

ஜூலை 16

நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வயதில் ஒரு பெண். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பின்னால் நின்ற வரிசை முழுக்க என் கதையைக் கேட்டது.

"சலவைக் கடைன்னுதானே போட்டிருக்கீங்க?"

"துவைப்போம் மேடம். ஆனா எங்க துணியை மட்டும்தான்."

"ஊரார் துணியையும் துவைச்சிருக்கலாமே? திறக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

செல்போனை எடுத்து, கொடியில் தொங்கும் புலியின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"எங்க சின்னவ போன வருஷம் முயல் வேஷம் போட்டா. உங்க கடையாத்தான் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வகையை மாத்தச் சொல்லி மனு குடுங்க, மேல அனுப்புறேன். ஆனா அதையே நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். நல்ல பெண்தான். நல்லவர்களிடம் சண்டைகூடப் போட முடிவதில்லை.

ஜூலை 27

மாஸ்டர் போய்விட்டார். நோயாளிகளை வைத்திருக்கும் அரசு முகாமில் காவலாள் வேலை. உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னு சொல்வாங்க. சொன்னவன் வாடகை வீட்ல இருந்திருக்க மாட்டான் அக்கா."

"பயமா இல்லையா மாஸ்டர்?"

"வீட்ல சும்மா உக்காந்து பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கறதுதான் பயமா இருக்கு."

அவருடைய கத்தரிக்கோலை எடுத்துப் போகச் சொன்னேன். "இங்கயே கிடக்கட்டும். திரும்பி வருவேன்ல?" என்றார். என்னைக் கேட்டாரா, எனக்குச் சொன்னாரா?

ஆகஸ்ட் 5

கட்டடச் சொந்தக்காரர் வந்தார். வாடகைப் பாக்கி பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. கிடங்கை எட்டிப் பார்த்து, கண்ணாலேயே நீள அகலம் அளந்துவிட்டுப் போனார். அது போதும்.

மத்தியானம் முழுக்கக் கிடங்குத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தலையில்லாமல் தொங்குகின்றன — சிப்பாய்கள், ராணிகள், கத்தரிக்காய், நிலா. நான் என்ன பண்ணினேன்? யாருக்கு என்ன கெடுதல் பண்ணிட்டேன்? ஒரு வழியும் தெரியலையே. இங்கேருந்து எழுந்திருக்கவே பிடிக்கல —

இவர் வந்து விளக்கைப் போட்டார். அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 6

இன்றும் அப்படியே.

ஆகஸ்ட் 19

மாஸ்டர் போன் பண்ணினார். முகாமில் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிகின்றனவாம். இருந்த சலவைக்காரர்கள் பயந்து நின்றுவிட்டார்களாம். அரசுப் பதிவில் சலவைக் கடை என்று இருப்பவர்களுக்குத்தான் வேலை தருவார்களாம்.

"பதிவுல நீங்க சலவைதானே அக்கா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினவங்களே கையைப் பிடிச்சுக் கூப்பிடுறாங்க."

இவரிடம் சொன்னேன்.

"அந்த விரிப்பு வர்ற இடத்துல குழந்தைங்க உடுத்துற துணி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"அப்ப இத்தனையும் எங்க வைப்பே? உன் தலையிலயா?"

வீட்டில் இடம் ஏது? வேறு கிடங்கு எடுக்கப் பணம் ஏது? பழைய துணிக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அவர் தராசில் தேவதையும் கத்தரிக்காயும் ஒன்றுதான். சொல்லி முடிப்பதற்குள் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒவ்வொரு உடையையும் வேனில் வைத்துப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனவர் இவர்தானே.

ஆகஸ்ட் 24

அலுவலகப் பெண் கூப்பிட்டார். "மேடம், உங்க மனு பாஸாயிடுச்சு! வேட உடை வாடகைன்னு புதுசா ஒரு வகையே சேர்த்துட்டாங்க. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க, நிவாரணம் வந்துடும்." என்னைவிட அவருக்குத்தான் மகிழ்ச்சி.

"கையெழுத்துப் போட்டா சலவைப் பதிவு போயிடுமா?"

"ஆமா. ஒரு கடைக்கு ஒரு வகைதான்."

வரும் பணம் வாடகைப் பாக்கிக்கே சரியாகப் போகும். அப்புறம்? இந்த வருடம் எந்தப் பள்ளியிலும் விழா கிடையாது. அடுத்த வருடம் பற்றிக் கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மனு பாஸானதை மட்டும் இவரிடம் சொன்னேன். எத்தனை மாதமாயிற்று இந்த முகத்தைப் பார்த்து! "பாத்தியா? நாமளும் ஒரு கடைதான்னு ஒத்துக்கிட்டாங்க!" உடனே மாஸ்டருக்குப் போன். "யோவ் புலி, வாலைத் தேடி எடுத்து வைய்யா!" அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

நான் கிடங்குக்குப் போய்ப் புலியை இறக்கி மெஷினில் போட்டேன். இரண்டு முறை துவைத்தும் கக்கத்துக் கறை போகவில்லை. ஆனாலும் அழுக்கோடு தராசில் வைக்க மனம் வரவில்லை.

மாஸ்டரை அந்த விரிப்புகளைத் தொடவிட மாட்டேன். இவரையும். நானே துவைப்பேன்.

நாளைக்குக் கூட வருவதாகச் சொல்லி, இவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். வரட்டும். அந்தப் பெண் நீட்டும் காகிதத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டுச் சொல்லப் போகிறேன்: வகையை மாற்ற வேண்டாம் மேடம், சலவை என்றே இருக்கட்டும்.