முட்டிக்கு இடம் விட்ட மேடை

செப்டம்பர் 6, சனி

காலையிலிருந்து மழை. எங்கள் துவாரகா காலனி முழுக்கத் தண்ணீர். கார்பென்டர் இர்ஷாத் பாய் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தார்.

அளவுகள், மறக்காமலிருக்க:
- சக்கர நாற்காலியில் என் முட்டி: தரையிலிருந்து 25 அங்குலம்
- நாற்காலியின் கை: 28
- இப்போதுள்ள கிரானைட் மேடை: 34. நெஞ்சுக்கு வருகிறது. அடியில் அலமாரி, கால் நுழையாது.
- புது மேடை: உயரம் 31, நீளம் நாலு அடி. சுவரோரம் சின்ன அலமாரி, அதன்மேல் பிளைவுட், மேலே மைக்கா. அலமாரியைத் தாண்டி 18 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பதினெட்டுக்குக் கீழேதான் நான்.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு பதினாலு மாதமாகச் சமையல் என் வீட்டுக்காரர்தான். ஆபீஸ் போகுமுன் குழம்பு, வந்தபின் தோசை. குறை சொல்ல முடியாது. சாம்பாரில் மட்டும் புளி தூக்கல்.

இர்ஷாத் பாய் என் உயரத்தை இவரிடம் கேட்டார். "பையா, என்னையே கேளுங்க" என்றேன் இந்தியில், அண்ணன் என்று கூப்பிட்டு. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தே பேசினார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிளைவுட் வந்தது. இரண்டு பலகை சேர்த்து ஒட்டி ஒன்றரை அங்குலம். வீடெல்லாம் பசை நாற்றம், தலைவலி.

நடுவில் ஒரு கால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் இர்ஷாத் பாய். இவ்வளவு நீட்டினால் முன்பக்கம் தொங்கும், யாராவது சாய்ந்தால் மைக்கா விரியும். நியாயம்தான். "மேடைக்குக் கால் வேணாம் பையா. என் காலுக்குத்தான் இடம் வேணும்." சிரிக்கலாமா என்று யோசித்து, சிரிக்காமல் விட்டார்.

மூன்று மணிக்கு ஆபீஸ் மீட்டிங், லேப்டாப்பில். முடிந்து வந்து பார்த்தால் மூன்று முக்கோண இரும்பு பிராக்கெட் ஏறியிருக்கிறது. அரை நாள் லீவில் வந்த இவர் சரி சொல்லியிருக்கிறார்.

"ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்றார் இவர்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் டீ குடித்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பலகை ஏறியது. வெளிர் சாம்பல் நிறம், மகள் நிலா பொறுக்கியது. "மம்மி, ஏக்தம், அப்படியே கஃபே மாதிரி இருக்கு!"

நாற்காலியை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். நாலைந்து தடவை. எங்கோ இடித்த சத்தம். சக்கரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் உடை மாற்ற உதவும்போது நிலா கத்தினாள். "யே க்யா ஹை? இது என்ன மம்மி, ரத்தம்!"

வலது முட்டியில் ஒரு அங்குலக் கிழிசல். பிராக்கெட்டின் முனை. நைட்டி ஒட்டிப்போயிருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே தெரியாதுதான், ஆனாலும் பார்க்கும்போது வேறு யாருடைய காலோ போல.

இந்த மாதிரிப் புண் எனக்குச் சீக்கிரம் ஆறாது. டாக்டர் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பது இதைத்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

இவர்தான் கட்டு மாற்றினார். முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் வேணாம் கவிதா. நான்தான் சமைக்கிறேன்ல."

"இடிக்காத மாதிரி செய்யச் சொல்லுவோம்."

"இரும்பு கிழிச்சதே உனக்குத் தெரியல. கொதிக்கிற எண்ணெய் மடியில கொட்டுனா? வெந்த பெறகுதான் பாப்போம்."

மழை முடியட்டும், நல்ல ஆள் கிடைக்கட்டும் என்று இவர் மேடை வேலையை மூன்று மாதம் தள்ளியது இதனால்தான். இன்றுதான் புரிந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை.

"பயம் எனக்கும் இருக்குங்க. அதுக்காக ஹால்லயே உக்காந்திருக்கவா? நீங்க உள்ள குக்கர் வைக்கிறப்ப நான் விருந்துக்கு வந்தவ மாதிரி இருக்கேன்."

எழுந்து பால்கனிக்குப் போனார், துணி எடுக்கிற சாக்கில். வெகு நேரம் வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பல் தேய்க்கும்போது ஜன்னல் வழியே எதிர் பிளாக்கின் சன்ஷேட், ஜன்னலுக்கு மேலிருக்கும் கான்கிரீட் பலகை. இரண்டு அடி வெளியே நீட்டியிருக்கிறது. கால் இல்லை, பிராக்கெட் இல்லை. கான்கிரீட்டுக்குள்ளேயே கம்பி சுவர் வரை போகிறது.

இர்ஷாத் பாய்க்குப் போன். முட்டி கிழிந்ததைச் சொல்லி, சன்ஷேட் மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டேன். "லோஹே கீ பட்டி" என்றார். இரும்புப் பட்டை. பலகையின் அடியில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டிப் பதித்துவிடலாம். பாதி அலமாரிக்கு மேல், பாதி வெளியே. அலமாரி கவிழாமல் சுவரோடு போல்ட்.

"முட்டி எப்படி இருக்கு, பாபிஜி?" போனை வைக்கும் முன் கேட்டார், அண்ணி என்று மரியாதையாக.

செப்டம்பர் 13, சனி

பிராக்கெட் மூன்றும் கழன்றன. அலமாரி முகப்பில் ஓட்டைகள்.

இவர் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. "நேரா உக்காரு." பக்கத்தில் மண்டியிட்டு, என் முட்டி, தொடை, நாற்காலியின் கை எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்தார். வெட்டி இர்ஷாத் பாயிடம் நீட்டினார்.

"இந்த அட்டை எங்கயும் தட்டாம உள்ள போகணும், பையா."

மூன்று பட்டைகள். அடிப்பக்கமும் மைக்கா, இரும்பு தெரியாமலிருக்க. முன் விளிம்பைக் கூர் இல்லாமல் உருட்டியாயிற்று.

அப்புறம் இவருடைய நிபந்தனைகள். இன்டக்‌ஷன் அடுப்பு, அதுவும் சுவரோரம். மடியில் கெட்டி ஏப்ரன். இவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் சமையல். மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை. சரி என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சோதனை. இர்ஷாத் பாய் முனையில் இரண்டு கையையும் ஊன்றி எம்பினார். நிலா ஏறி உட்கார்ந்து காலாட்டினாள். டேப் வைத்துப் பார்த்தோம். 31. இறங்கிய பிறகும் 31.

அட்டை உள்ளே போனது. பிறகு நான். இவர் குனிந்து டார்ச் அடித்து முட்டியைப் பார்த்தார். நாற்காலியின் கைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, முட்டிக்கு அதைவிட அதிகம்.

புண் ஆறட்டும், அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில். புண்ணில் பொருக்கு கட்டிவிட்டது. நிலா டியூஷன்.

ரசம், உருளைக்கிழங்குப் பொரியல். முழங்கையை மேடையில் ஊன்றி வெங்காயம் நறுக்கினேன். கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, ஒன்று பெரிசு ஒன்று பொடிசு. பாதி வெங்காயம் உருண்டு கீழே. இவர் பாய்ந்து எடுத்தார்.

வாசற்படியை விட்டு நகரவில்லை மனிதர்.

"உப்பு போட்டியா?"

"போட்டாச்சு."

"தீயைக் கொறைக்கட்டா?"

"தீயே இல்லைங்க, இன்டக்‌ஷன்."

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் ஏப்ரனை இழுத்துவிட்டு, தாளிக்க எண்ணெய்ச்சட்டியை அடுப்பில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "கொத்தமல்லி இல்லைன்னு நெனைக்கிறேன். கேட் பக்கத்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

ஃப்ரிட்ஜில் ஒரு கட்டு இருக்கிறது. நேற்று அவர்தான் கழுவி வைத்தார்.

"மெதுவா வாங்க" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போனார்.