முதலில் வாயைத் திறப்பவர்

ஜனவரி 7, செவ்வாய்

பக்கத்துக் கடை பிரான்சிஸ் கொடுத்த புத்தகத்தில் பாதி முடித்துவிட்டேன். ‘பேசாமல் ஜெயி’ என்று பெயர். வியாபாரத்தில் முன்னேற வழி சொல்கிறதாம். செல்போன் கடைக்காரனுக்கு இது எதற்கு என்று கிண்டல் செய்துகொண்டேதான் பிரித்தேன். “நீங்க மொதல்ல படிச்சிட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லுங்கக்கா” என்றான். சோம்பேறி.

ஆனால் நான்காம் அத்தியாயம் — எழுதினவர் எங்கள் பிரியாணிக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் விலையைச் சொல்லுங்கள், வாயை மூடுங்கள், முதலில் வாயைத் திறப்பவர் தோற்பார். நான் எப்போதும் முதலில் திறக்கிறவள். விலையைச் சொல்லிவிட்டு, அதற்கு நானே சமாதானம் சொல்லி, நானே இறங்கியும் வந்துவிடுவேன்.

எதிர்ச்சாரியில் புது பிரியாணிக் கடை வந்ததிலிருந்து பயம். அவன் விலைக்கு எங்களால் போட முடியாது. ஆட்டு விலை குறையாவிட்டால் நோன்புக்கு அப்புறம் கடையைத் திறப்பதே சந்தேகம் என்கிறார் மச்சான். புருஷன் அடுப்பைப் பார்க்கிறார். கொள்முதலும் கல்லாவும் நான். அப்போ விலையைக் குறைக்க வேண்டியது யார்? நான்தான்.

ஜனவரி 9, வியாழன்

மண்டியில் வெங்காயக்காரரிடம் செய்து பார்த்தேன். விலையைச் சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்தபடி நின்றேன். லாரி வாடகை, மழை, வரத்து இல்லை என்று அவர் என்னென்னவோ சொன்னார். நான் பேசவில்லை. கடைசியில் “சரி, எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார்.

வேலை செய்கிறது. புத்தகக்காரருக்கு ஒரு பிளேட் பிரியாணி அனுப்பலாம், லெக் பீஸோடு.

ஜனவரி 11, சனி

இன்று சடையாண்டி அண்ணனிடம். கடை தொடங்கிய நாளிலிருந்து ஆடு அவருடையதுதான், சாணார்பட்டியிலிருந்து. எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே விலைக்குச் சண்டை போடுவோம்.

“தீபாவளிக்கு முந்துன வெலைன்னாத்தான் எடுப்போம்ணே” என்றேன். மூடிக்கொண்டேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“கட்டாது தாயி.”

பேசவில்லை.

“ஏதும் வருத்தமா? நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?”

நாக்கைக் கடித்துக்கொண்டு பில் புக்கைப் பார்த்தேன். பாதி டீயோடு கிளாசை வைத்தார். “சரி” என்றார். ‘தாயி’ இல்லை. எழுந்து போய்விட்டார்.

முதலில் வாயைத் திறந்தது அவர்தான். அப்படியானால் நான்தானே ஜெயித்தேன்? ஏன் சோறு இறங்கவில்லை?

ஜனவரி 14, செவ்வாய்

வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணன் ரெண்டு கரும்பு கொண்டுவந்து கடை வாசலில் சாத்துவார். இன்று வரவில்லை.

ஜனவரி 16, வியாழன்

ஆடு வந்தது. அவர் வரவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற மொக்கைச்சாமி இறக்கிவிட்டு, “நீங்க சொன்ன வெலையே போட்டுக்கிறச் சொன்னாரு” என்றார்.

“அண்ணன் எங்க?”

“பேச்சு வேணாம்னுட்டாரு.”

மச்சானுக்குச் சந்தோஷம். “வெல கொறஞ்சிருச்சுல்ல, பெறகென்ன மொகத்தத் தூக்கி வச்சிருக்க?” எங்கள் ஊரில் பேசாமல் இருப்பது தந்திரம் இல்லை. உறவை வெட்டிக்கொள்வது. பங்காளிகள் அப்படித்தான் ஒரே தெருவில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். அவர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? இது எனக்குத் தெரியாதா? நான் என்ன வெளியூர்க்காரியா?

ஜனவரி 17, வெள்ளி

ஐந்தாம் அத்தியாயம் பெயர்ப்பலகை வைப்பது பற்றி. பேசாமல் ஜெயித்த பிறகு மறுபடி எப்படிப் பேசுவது என்று எங்கே தேடியும் ஒரு வரி இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

சடையாண்டி அண்ணன் மகள் மகேஸ்வரிக்கு வருகிற பத்தாம் தேதி கல்யாணம். எனக்கு எப்படித் தெரியும்? தாம்பாளத்தோடு வந்து பிரான்சிஸுக்குப் பத்திரிகை வைத்தார். எங்கள் கடையைத் தாண்டித்தான் போனார். தலை திரும்பவில்லை.

என்னைப் பெத்த அத்தா மவுத்தான அன்று சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து, அடக்கம் முடியும்வரை பச்சைத் தண்ணி குடிக்காம வாசல்ல நின்ன மனுசன். அவர் வீட்டு நல்லதுக்கு நான் இல்லையா? இந்தப் புஸ்தகத்தக் கிழிச்சு அடுப்புல போட்டா என்ன? எழுதுனவனுக்குச் சொந்தபந்தமே கிடையாதா? — அவன் என்ன செய்வான். வாய மூடுனது நான்தானே.

மச்சானிடம் சொன்னேன். நான் போய்ப் பேசினால் விலை ஏறும். இந்தக் குறைந்த விலைக்கு மறுபடி கேட்க எனக்கு வாய் வராது.

“ஏறுனா கடை நிக்குமா?”

“தெரியல.”

வெகுநேரம் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “போயிட்டு வா” என்றார்.

ஜனவரி 27, திங்கள்

சாணார்பட்டிக்குப் போனேன். அண்ணன் கொட்டகையில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவி பேச்சாயி மதினிதான் தண்ணீர் கொடுத்தார்.

நான் பேசினேன். எதிர்க்கடை, பயம், பிரான்சிஸ், புத்தகம், எல்லாவற்றையும். “புஸ்தகத்துல போட்டிருந்துச்சுண்ணே, அதான் வாயத் தொறக்கல” என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கட்டி முடித்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார், அடுத்த தழைக்கட்டை எடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. அன்று அந்த பெஞ்சில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

மதினி தெருமுனை வரை வந்தார். “பத்தாந்தேதி ஒன் வீட்டுக்காரத் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்துரு.”

“அண்ணன் சொல்லலையே மதினி.”

“நான் சொல்றேன்ல.”

பிப்ரவரி 10, திங்கள்

போனோம். மொய் எழுதினோம், சாப்பிட்டோம். வாசலில் அவர் கை கூப்பினார், எல்லோருக்கும் கூப்புவது போல.

பிப்ரவரி 15, சனி

மத்தியானக் கூட்டத்துக்கு முன்னால் அண்ணன் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். மச்சான் ஒன்றும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார்.

அண்ணன் புது விலையைச் சொன்னார். நான் பயந்ததற்கும் மேலே. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். என்னையே பார்த்தார்.

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. நானும் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“கட்டாதுண்ணே” என்றேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

“எம்புட்டு நேரந்தான் தாயி வாய மூடிக்கிட்டு இருக்குறது? தொண்டை வலிக்குது” என்று கிளாசை எடுத்தார்.

அப்புறம் சண்டை போட்டோம், அரிசி களைகிற வரைக்கும். பாதி வழியில் வந்து நின்றது விலை. பிரியாணிக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும், நாளைக்கு விலைப் பலகையை மாற்றுகிறோம். கடை நிற்குமா என்று இன்னும் தெரியாது. பயம் போகவில்லை.

சாயந்திரம் பிரான்சிஸ் புத்தகத்தைக் கேட்டு வந்தான். “எப்பிடிக்கா இருக்கு?”

“வெங்காயம் வாங்குறதுக்கு நல்ல புஸ்தகம்” என்றேன்.