ஜன்னல் அடியில் ரெண்டு ஓட்டை

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். ராத்திரியும் புது ஜன்னல் ஒழுகி எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. "மாட்டியிருக்கிற லட்சணத்தைப் பாரு"ன்னு நேத்து என் தம்பியைப் போன்ல கிழிகிழின்னு கிழிச்சீங்களே! காலையில துடைக்கும்போது பார்த்தேன். மழைத்தண்ணி வெளியே வடியறதுக்கு ஃபிரேம் அடியில அவன் விட்ட ரெண்டு ஓட்டையையும், எறும்பு வருதுன்னு யாரோ பசை வச்சு அடைச்சிருக்காங்க. அந்த யாரோ எழுந்ததும் ஊசியால குத்தி எடுக்கட்டும்.

ஜன்னலையே பெயர்த்து மாட்டறேன்னு தம்பி சாயங்காலம் வர்றான். நான் அவன்கிட்ட மூச்சு விடல.

வானம் மறுபடி கறுக்குது. ஆபீஸ்ல எனக்கு இருப்புக்கொள்ளாது. எடுத்ததும் போன் பண்ணுங்க.

பி.கு.: சாவி செருப்பு அலமாரி மேல.

இன்னொண்ணு: எனக்கு அப்புறம் பண்ணலாம். முதல்ல அவனுக்குப் பண்ணுங்க.