கிணற்றில் வந்த சக்கரம்

சத்தியவேடு,
3-8-1959

என் பத்மாசனிக்கு,

தாட்சாயணி எழுதுகிறேன். ஆறு மாதமாக ஒரு கார்டுகூடப் போடாத மகராசிக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன் செங்கல்வராயன் கிணறு வெட்டுகிறான். முப்பது அடியில் வெளுத்த களிமண் பாறை வந்தது. தட்டினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஏட்டுக்குள்ளே என்ன தெரியுமா? சுருண்டு படுத்த கடல் நத்தைகள், கல்லாகிப் போனவை! சித்தூர் டிரெயினிங் பள்ளியில் நாம் படித்த அம்மோனைட்டேதான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் எங்கள் கேழ்வரகுக் கொல்லை கடலாக இருந்திருக்கிறதடி! பள்ளிக்கூடம் விட்டதும் மண்மேட்டில்தான் கிடக்கிறேன். "டீச்சரம்மா கல்லு பொறுக்கிக்கினு கீறாங்க" என்று கூலிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மதராஸில் பாலசுந்தரம் என்று ஒரு பேராசிரியர். அவருக்கு எழுதிக் கேட்டேன். துண்டு துணுக்கு போதாது, முழுசாக ஒன்றும், அதன் வரிகளை எண்ணி அளவாக வரைந்த படமும் வேண்டும், இருந்தால் நேரில் வந்து கிணற்றைப் பார்க்கிறேன் என்று பதில் போட்டார். ஆவணி முடிவதற்குள் வந்தாக வேண்டும். அதற்குமேல் அண்ணன் பொறுக்க மாட்டான், சுற்றுக்கல் கட்டிப் பாறையை மூடிவிடுவான்.

முழுசு நேற்றுக் கிடைத்தது! உள்ளங்கை அகலம், ஒரு மூலை உடையவில்லை. அதை வரைய உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? டிரெயினிங்கில் வாத்தியார் மாட்டிய சார்ட்டெல்லாம் உன் கைதானே. வியாழக்கிழமை அண்ணன் திருப்பதி வரும்போது கொண்டுவந்து தருவான். பத்திரம்.

உன் தாட்சா

*

திருப்பதி,
14-8-1959

அருமைத் தாட்சாவுக்கு,

எப்படி எழுதுவேன்! திட்டாமல் படி.

உன் அண்ணா வந்த அன்று நான் மூன்று நாள் ஒதுங்கிக் கொல்லைப்புறத்தில் இருந்தேன். பொட்டலத்தை வாங்கியது என் மாமனார். "ரொம்ப அபூர்வமாம், தங்கச்சி குடுத்தனுப்பிச்சி, பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் அண்ணா பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மாமனார் பிரித்திருக்கிறார். உள்ளே சாளக்கிராமத்தில் இருப்பது போலவே சக்கரம்! எங்கள் அகத்துச் சாளக்கிராமங்கள் பாகப்பிரிவினையில் பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வெறும் படத்துக்குத்தான் ஆராதனம். "கேக்காமலே வந்தார் பாரு! வெளுத்த திருமேனி, வாசுதேவ மூர்த்தி!" என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நான் குளித்து உள்ளே வருவதற்குள் பூஜை மாடமான கோவிலாழ்வாரில் ஏளப் பண்ணியாயிற்று. தினமும் பாலும் தீர்த்தமுமாகத் திருமஞ்சனம்.

பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக் கூடாது. அதனால் உன் கல்லை நான் இன்னும் ஒரு தரம்கூடத் தொடவில்லை. ஆனாலும் வரைகிறேன். திருமஞ்சனத்தின்போது, சமையல் நடக்கும் தளிகை உள் வாசலில் நின்று தினம் ஏழெட்டு வரி எண்ணி மனசில் வைத்துக்கொண்டு, அப்புறம் காகிதத்தில் போடுகிறேன். என்ன அழகடி அது! இத்தனை நெருக்கமாக ஒரு கோலக்காரியால் இழை போட முடியுமா?

உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கொஞ்சம் பொறு.

உன் பத்மா

*

சத்தியவேடு,
18-8-1959

பத்மா,

திருமஞ்சனமா? ஐயோ, பாவி! அது களிமண்ணடி! ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் சேறு. இதை முதல் கடிதத்திலேயே எழுதாத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேராசிரியர் செப்டம்பர் 5 அன்று வருவதாக எழுதிவிட்டார். அவரிடம் நான் எதைக் காட்டுவேன்? இந்த வருஷம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு, எங்கள் பக்கம் ஆந்திராவுக்குப் போகிறது, திருத்தணி மதராஸுக்குப் போகிறது என்று. நான் மட்டும் அதைக் காதில் வாங்காமல் கிணற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். என் ஆயுசில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். அதையும் உன் பயம் கரைத்துவிடும் போலிருக்கிறது.

உன் மாமனாரிடம் இன்றைக்கே சொல். முடியாவிட்டால் எனக்கு எழுதாதே.

தாட்சாயணி

*

திருப்பதி,
24-8-1959

தாட்சாவுக்கு,

நீ எழுதாதே என்றாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த காலையே வட்டிலில் தீர்த்தம் கலங்கி வெளுத்துப்போயிருந்தது. கல்லில் பாதி ஏடு உரிந்து வந்துவிட்டது. மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்ன அபசாரம் பண்ணினேனோ, பெருமாள் என்னை விட்டுப் போறார்" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பயந்தேன்தான். ஆனாலும் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, கடல், நத்தை, பேராசிரியர், என் படம், எல்லாமே.

கேட்டுவிட்டு மாமனார் வட்டிலை ஓரமாக வைத்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு எதுக்காக இதைத் தேடறது? விக்கறதுக்கா?" என்றார். "இல்லை, தெரிஞ்சுக்கறதுக்கு" என்றேன். "பதினேழு நாள் என் கையால திருமஞ்சனம் பண்ணிண்டவர். நானே கொண்டுபோய் விடறேன்" என்று எழுந்து சாப்பிட உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை புத்தூரில் பஸ் மாறி வருகிறார். மிச்சமிருக்கிற பாதிக் கல்லையும் என் படத்தையும் கொண்டுவருவார். வரி அறுபத்தொன்று. கரைவதற்கு முந்தின நாளே எண்ணி முடித்துவிட்டேன். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் உனக்கு முழுசும் இருந்திருக்கும். அந்தத் தப்பு என்னுடையது.

பத்மாசனி

*

சத்தியவேடு,
9-9-1959

என் பத்மாவுக்கு,

எழுதாதே என்று எழுதிய கை என்னுடையதுதான், மன்னித்துக்கொள்.

உன் மாமனார் தோதாத்ரி சுவாமிகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். பாதிக் கல்லைப் பட்டுத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், சுடுகிற மண்ணில்! அண்ணன் பதறிப்போய், "சாமி, வண்டி கட்டிக்கினு வந்திருப்பேனே" என்றான். கிணற்றைக் காட்டச் சொன்னார். ஒரு கை தண்ணீர் வாங்கி வாயில் விட்டுப் பார்த்து, "இன்னும் கரிக்கறதான்னு பார்த்தேன். கரிக்கலை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் கோபமெல்லாம் போய்விட்டது.

ஐந்தாம் தேதி பேராசிரியர் வந்தார். பாதிக் கல்லை உன் படத்தின் மேல் வைத்தார். இம்மி பிசகவில்லை! லென்ஸை வைத்துக்கொண்டு வரி வரியாக எண்ணினார். கல்லில் இருபத்தெட்டு, அதே இடத்தில் உன் படத்திலும் இருபத்தெட்டு. "மீதியையும் நம்பலாம். எந்த ஆர்ட்டிஸ்ட் வரைந்தது?" என்று கேட்டார். தளிகை உள் வாசலில் நின்று, தொடாமலே வரைந்தாள் என்றேன். நம்பவே இல்லை. கிணற்றில் இறங்கி இன்னும் நாலு துண்டு எடுத்தார். அவர் ஆள் மறுபடி வந்து பார்க்கும்வரை சுற்றுக்கல் கட்டுவதில்லை என்று அண்ணனும் சம்மதித்துவிட்டான்.

கல்லுக்குச் சீட்டு எழுதும்போது எந்த ராஜ்யம் என்று போடுவது என்று யோசித்தார். ஊர் பெயரையும் கிணற்றின் ஆழத்தையும் போடுங்கள், அது மாறாது என்றேன். அப்படியே போட்டார். அதன் கீழே, கண்டெடுத்தவர் தாட்சாயணி, வரைந்தவர் பத்மாசனி. இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருக்கிறோமடி!

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மாமனார் புறப்படும்போது நடந்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உன் படத்தை விரித்து வெகு நேரம் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா எங்க அகத்துல இருக்கா. அவளுக்கு இப்படி ஒரு கை உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு நான் பொறுக்கிவைத்த கல் கூடையைக் காட்டி, "இதுல ஒண்ணு எனக்குத் தருவியாம்மா?" என்று கேட்டார். மறுபடியும் ஆராதனத்துக்கா என்று பயந்துவிட்டேன்.

"இல்லைம்மா, இது பெருமாளுக்கு இல்லை. பத்மாசனிக்கு. கையில வெச்சுண்டு வரையட்டும்" என்றார்.

இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். இந்நேரம் உன்னிடம் தந்திருப்பார். இன்னும் தரவில்லை என்றால், கூச்சப்பட்டுக்கொண்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

உன் தாட்சா