நசுங்காத எலுமிச்சை

ஒற்றை விரலால் வண்டி திருப்பிக் காட்டிய என் அண்ணனுக்கு,

நாளை மறுபடி ஆயுத பூஜை. கள்ளிக்குப்பத்தில் கடைக்குக் கடை பூசணிக்காய் குவித்திருக்கிறார்கள். நம் வீட்டில் மூன்று வருடமாக எலுமிச்சம்பழம் இல்லை. அண்ணி ஊறுகாய்கூடப் போடுவதில்லை.

மூன்று வருடம் முந்தைய அந்த ஆயுத பூஜைக் காலை உனக்கு எவ்வளவு நினைவிருக்கும்? எனக்கு முழுவதும் இருக்கிறது.

உன் முதலாளி கழித்துவிட்ட ஜப்பான் வண்டி. நீ வாங்கி இருபது நாள். வாடகைக்கு ஓட்டப்போகும் உன் சொந்த வண்டி. பானட்டைத் தூக்கினாய். பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, அதோடு வந்த குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாய். ஆயில் கோட்டைத் தொட்டிருந்தது. தினமும் பார்ப்பாய். தினமும் அதே சிரிப்பு.

"ஆயில் கரெக்டா கீது. டேய், டயருல காத்து பாத்துட்டியா?"

காற்று அளக்கும் கேஜை என் கையில் கொடுத்திருந்தாய். இன்னொரு கையில் எம்.ஏ. பாடப் புத்தகம். எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதுகூடத் தெரியும். நான்கு டயரையும் வலது காலால் ஓர் உதை உதைத்தேன்.

"கல்லு மாரி கீது, அண்ணாத்தே."

கற்பூரம் காட்டினோம். சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்தோம். வண்டியை நகர்த்தினாய். மூன்று பழங்கள் நசுங்கின. இடது முன்சக்கரத்தின் பழம் லேசாகத் தட்டையாகி, முழுசாக வெளியே வந்தது.

"இன்னாய்யா, பழம் நசுங்கலியே. இன்னிக்கு வண்டி எடுக்காதய்யா" என்றார் அண்ணி.

"அண்ணி, அது காய். அதுக்கு இன்னா தெரியும்?"

"எம்.ஏ. சொல்லிட்டாரு, அப்பீலே இல்ல!" என்றாய் நீ. மூவரும் சிரித்தோம். அண்ணியும்.

வேறு பழம் வைத்தோம். நசுங்கியது. பழத்தை மாற்றினோம். டயரைப் பார்க்கவில்லை.

மதியம் திருமழிசை தாண்டி அதே இடது முன்டயர் வெடித்தது. நீ வீடு திரும்பவில்லை.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் பிறகு என்னிடம் சொன்னார்: "சைடு ரப்பர் வெந்து கீது பாரு சார், காத்து கம்மியா ஓடியிருக்குது. சாதா ஸ்டீயரிங்னா கனமா இழுக்கும், கைக்கே தெரிஞ்சிடும். இதுல ஒண்ணும் தெரியாது."

உன் ஒற்றை விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதானா, அண்ணா?

அண்ணி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறார். உன் மகள் ஒன்றாம் வகுப்பு. ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் தட்டைத் திருப்புகிறாள். நான் இன்னும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தெருவில் நிற்கும் வண்டிகளைக் கடக்கும்போது என் வலது கால் தானாக நிற்கிறது.

இன்று அண்ணி மறுபடி சொன்னார்: "பழம் எனுக்குத்தான் சொல்லுச்சு. நாந்தான் உட்டுட்டேன்."

மூன்று வருடம் இதைக் கேட்டுக்கொண்டு அவர் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறேன். மெக்கானிக் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, காற்றுப் பார்த்தது யார்?

கேஜ் என் மேஜையில் இருக்கிறது. முள் பூஜ்யத்தில்.

நாளைக் காலை அதை அண்ணியின் கையில் வைப்பேன். பழம் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்பேன். அதன்பின் அந்த வீட்டில் எனக்கு இடமிருக்குமா, தெரியவில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் உள்ளே வரட்டும்.

டயரைக் காலால் பார்த்த,
உன் தம்பி