போல் டாக்ஸும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

அன்புள்ள அண்ணை,

இன்று மத்தியானம் வீடு முழுக்கத் தேயிலை மணம். குடிப்பதற்கு இல்லை. பள்ளிக்கூட வேலைக்காக என் மகள் வெள்ளைத் தாள்களைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து ரேடியேட்டரில் காயப் போட்டிருக்கிறாள். அப்படிச் செய்தால் பழைய காலத்துத் தாள் மாதிரி மஞ்சளாகுமாம். அமெரிக்காவில் குடியேறிய ஒருவரைப் போல, "எங்களைக் கேட்காமல் எங்களுக்கு ஏன் வரி போட்டீர்கள்?" என்று அதில் இங்கிலாந்து அரசருக்கு அவள் எழுத வேண்டும். தேயிலைக்கு வரி, பத்திரிகைக்கு வரி, விளையாடுகிற சீட்டுக்கட்டுக்கும் வரி என்று அவள் அடுக்க அடுக்க எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இந்த மாதிரி வீட்டுப்பாடத்துக்கு உங்களை விட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?

லண்டன் மனோர் பார்க்கில் சின்னம்மா வீட்டு மேலறையில் நீங்கள் வாடகைக்கு இருந்தீர்கள். நான் கீழே சின்னம்மாவோடு. என் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் இலங்கையில் எங்கள் ஊரிலேயே நின்றுவிட, நீங்கள் யாரும் கேட்காமலே அந்த இடத்துக்கு வந்தீர்கள். வேலை பெட்ரோல் ஸ்டேஷனில். மற்ற நேரமெல்லாம் நூலகத்துச் சரித்திரப் புத்தகமும் தேத்தண்ணியும். உங்கள் புண்ணியத்தில் சின்னம்மா தண்ணி கொதிக்க வைக்கும் கேத்தில் ஆறிக் கிடந்ததை நான் கண்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு போல் டாக்ஸ் வந்தது. மாளிகையில் இருப்பவருக்கும் மேலறையில் இருப்பவருக்கும் தலைக்கு ஒரே வரி. லண்டனே கொதித்துக்கொண்டிருந்தது. கவுன்சில் கடிதத்தை வாசித்துவிட்டு சின்னம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நீங்கள் வந்து அறிவித்தீர்கள்.

"அமெரிக்கச் சனம் தேயிலையைக் கடலிலை கொட்டினது. எனக்குக் கடல் இல்லை. இந்த வரி போகுமட்டும் நான் தேத்தண்ணி குடிக்க மாட்டன்."

"வரி போட்டது அவங்கள், தண்டனை எங்களுக்கோ?" என்றார் சின்னம்மா. முதல் கிழமை ஏழு நாளும் உங்கள் தலையிடியோடும் எரிச்சலோடும் நாங்கள் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது சரி. கோயிலில், கடையில், பஸ்ஸில் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டீர்கள். 'போல் டாக்ஸ் அண்ணை' என்று பெயரும் விழுந்தது. சொன்ன சொல் மாறாதவர் என்ற பெருமை உங்களுக்கு. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, கோபிக்காதீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சவுத்தாலிலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்தது. படத்தைப் பார்த்து, ஒருமுறை டெலிபோனில் கதைத்ததிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை உங்களிடம் மட்டும் சொன்னேன்.

சின்னம்மாவும் நீங்களும் நானுமாகப் போனோம். மாப்பிள்ளையின் தாய் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் அம்மா" என்றீர்கள். சம்பந்தம் பேசப்போன வீட்டில் வாய் நனைக்காமல் இருந்தால் என்ன அர்த்தம்? உங்கள் உறவு எங்களுக்கு வேண்டாம், நீங்கள் எங்களுக்குச் சரிவரமாட்டீர்கள் என்றுதானே! ஊருலகத்துச் சரித்திரமெல்லாம் தெரிந்த உங்களுக்கு அது மட்டும் மறந்துபோயிற்று.

"ஏன் தம்பி, எங்கடை வீட்டிலை வாய் நனைக்க ஏலாதோ?" என்று தகப்பன் கேட்டார்.

"ஐயோ, அப்பிடியில்லை ஐயா. இந்தத் தேயிலை வரி இருக்கெல்லோ..." என்று தொடங்கினீர்கள். அமெரிக்கா முடிந்து இலங்கைக்கு வந்தீர்கள். வெள்ளைக்காரன் அங்கே வேட்டைத் துவக்குக்கும் வளர்க்கிற நாய்க்கும் வரி போட்டதையும் விடவில்லை. சின்னம்மா கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் எழும்பிவிட்டார்.

"சரி, பிறகு கதைப்பம்" என்றார்.

எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது. கதவடியில் நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை நீங்கள் கண்டீர்கள். பாதி வசனத்தில் நிறுத்தி, ஆறிப் பாலாடை கட்டிப்போயிருந்த அந்தக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தீர்கள். புரைக்கேறி இருமினீர்கள்.

"நல்ல தேத்தண்ணி அம்மா. இருங்கோ ஐயா, எங்கடை பிள்ளையின்ரை விஷயத்தைக் கதைப்பம்."

தகப்பன் திரும்ப இருந்தார்.

வரும் வழியில் பஸ்ஸில், "உங்கடை சொல்லுப் போச்சே அண்ணை?" என்று கேட்டேன்.

"போனால் போகட்டும். அவங்கள் தேயிலையைத்தான் கொட்டினவங்கள். நான் உன்ரை வாழ்க்கையையெல்லோ கொட்டப் பாத்தன்" என்றீர்கள்.

அடுத்த நாள் காலையிலிருந்து திரும்பவும் நீங்கள் தேத்தண்ணியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில், "ஒரு கோப்பை குடிச்சுப்போட்டன்" என்று நீங்களாகவே எல்லோருக்கும் சொன்னீர்கள். சிரித்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு வாய் திறக்கவில்லை. என் பெயர் அடிபடக்கூடாது என்றுதானே, அண்ணை? என் கலியாணத்தில் எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் நிற்க வேண்டிய மாப்பிள்ளைத் தோழனாக நின்றபோதும் சோடாதான் குடித்தீர்கள். கடைசியில் அந்த வரி எடுபட்ட கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றுவதற்கு முன்னமே, "ஊத்து பிள்ளை" என்றீர்கள். அன்று உங்களுக்கு ஊற்றிக் கொடுத்த சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணி வேண்டாம் என்றால் நான் முகம் கோணுவதில்லை. பக்கத்தில் இருந்து ஏன் என்று கேட்கிறேன்.

மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையில் அவசரப்பட்டு, "அப்ப மாமாவும் டீயைக் கொட்டினவரோ?" என்று கேட்டாள்.

"இல்லை, குடிச்சவர்."

"ஏன்?"

அவளுடைய அப்பா சோபாவில் பேப்பர் பார்த்தபடி தேத்தண்ணிக்காகக் காத்திருந்தார். "அந்தா இருக்கிறாரே, அவருக்காக" என்றேன்.

உங்கள் தங்கச்சி